பேரு கேக்குது

இறந்துபோன என் வீட்டுக்காரரின் முதல் வருசத் திதிக்குள் அவர் முகம் இணையப் பக்கத்தில் திரும்பிச் சிரிக்க வேண்டும், குரலும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவரோடு வேலை பார்த்த சுந்தரபாண்டி வந்து, அவர் லேப்டாப்பிலேயே அதற்கான கட்டளையைத் தட்டினான்.

“இத வைக்கப் புது ஃபோல்டருக்குப் பேரு கேக்குது மதினி. என்ன போட?”

“அவுக பேர நான் எப்படிச் சொல்ல? என் பேரையே போடுங்க தம்பி.”

“இப்பவுமா மதினி?” சிரித்துக்கொண்டே ‘செல்லக்கிளி’ என்று தட்டினான். “இந்தப் பேருல ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்காம். அழிக்கவான்னு கேக்குது. பழைய குப்பையாத்தான் இருக்கும்.”

அழித்தான்.

சாயங்காலத்துக்குள் திரையில் அவர் முகம் திரும்பிச் சிரித்தது. குரல்தான் எங்கள் யாரிடமும் இல்லை. சுந்தரபாண்டி அலுவலக நண்பனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

“ஏலே, அண்ணன் குரல் எங்கயாச்சும் இருக்கா?”

“அவுக லேப்டாப்புலயே இருக்குமேலே! மதினி பொறந்தநாளுக்குன்னு தன் முகமும் குரலுமா ஒரு பக்கம் செஞ்சு, மதினி பேருலயே வச்சிருந்தாகளே.”