சோளக்காட்டு வால்வு

விவசாயம் படித்த மருமகள் என்பதால் அந்த வேலை பூங்கொடியின் தலையில் விழுந்தது. அண்ணன் தம்பி மூவருக்கும் பொதுவாக ஒரே கிணறு. கோடையில் யார் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அவள்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். மூத்தவர் மயில்சாமியின் கரும்பு, அவள் கணவன் குமரவேலின் மக்காச்சோளம், கொழுந்தன் தங்கராசுவின் வாழை. வெயிலையும் மண்ணையும் பயிரின் வயதையும் பார்த்துக் கூட்டினாள். கிணற்றில் ஊறுவது இரண்டு பயிருக்குத்தான் காணும்.

"மறுபடி போட்டுப் பாரு கண்ணு," என்றார் மயில்சாமி. போட்டாள். அதே விடை. "வாழைக்கு எதுக்கு இவ்வளவு? அது என்ன குளிக்குதா?" என்றார் அவர்.

"கரும்பு மட்டும் வாய் கொப்பளிக்குதா?" என்று எகிறினான் தங்கராசு. "அண்ணி, நீங்க இன்னொருக்கா போடுங்க."

குமரவேல் வழக்கம்போல் கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரமாக இதே பாட்டு. கூட்டிக் கூட்டி அவள் தொண்டை வறண்டதுதான் மிச்சம்; கிணற்றில் ஒரு குடம் கூடவில்லை. பூங்கொடி விறுவிறுவென்று மோட்டார் அறைக்குப் போனாள். தங்கள் சோளக்காட்டுக்குத் தண்ணீர் போகும் வால்வை இறுக மூடினாள். கதிர் பிடிக்கிற நேரம்; இப்போது தண்ணீர் நின்றால் சோளம் போச்சு. கணவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி மண்ணைக் கிளறத் தொடங்கினான்.

"இப்பக் கணக்கு சரியா வருதுங்க மாமா," என்றாள்.

அண்ணனும் தம்பியும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்.

"ஏங்கண்ணு," என்றார் மயில்சாமி மெதுவாக, "அப்பக் கரும்புக்கு இன்னுங் கொஞ்சம் கூட்டி விடலாமா?"