தெளிவான பதிவு

பதுளையில் நடந்த வாய்மொழி வரலாற்று மாநாட்டில் நஸ்மியா தன் உரையை முடித்தாள். மண்சரிவுக்கு ஒரு மாதம் முன்பு, தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் அவள் பதிவுசெய்திருந்த பூமலரின் பேச்சு ஒலித்து ஓய்ந்ததும் மண்டபமே கைதட்டியது. அழைத்து வரப்பட்டிருந்த பூமலர் மட்டும் ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை.

“இன்னொருக்கா போடுங்க மிஸ்.”

மூன்று தடவை கேட்டாயிற்று. நஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்தது.

“ஒங்கட குரல் அவ்வளவு புடிச்சிருக்கா அக்கா?”

“எங்கொரலு யாருக்கு வேணும்? நான் பேசுறப்ப எம்மக குறுக்க குறுக்க ‘அம்மா, பசிக்குது’ன்னாளே, அது எங்க? மண்ணு மூடினவ கொரலு இதுல மட்டுந்தானே மிஸ் இருக்கு.”

பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமென்று இடைச்சத்தங்களை நீக்கியவளும், வெட்டாத மூலப் பதிவை அழித்தவளும் நஸ்மியாதான்.

“இன்னொருக்கா போடுங்க மிஸ். இந்தத் தடவ கேட்டாலும் கேக்கும்.”