இடப்பக்கம் சாய்ந்த கண்ணிகள்

படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கண்ணிகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

குரோஷே என்னும் கொக்கியூசிப் பின்னலின் செய்முறைக் குறிப்பான பேட்டர்ன் வெளியாகும் முன் அதன் கணக்கைச் சரிபார்ப்பது அவள் வேலை. எந்தச் சுற்றில் எத்தனை கண்ணி, எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது. இந்தத் தோள்பையின் பேட்டர்னில் ஒரு பிசகும் இல்லை. இத்தனை அழகான கணக்கைப் பார்த்து வெகுநாளாயிற்று. சரி என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். பாழாய்ப்போன கண் படத்தில் போய் நின்றது.

வட்டமாகப் பின்னும்போது வலக்கைக்காரர்களுக்குக் கண்ணி வலப்பக்கம் சாயும். இடக்கைக்காரர்களுக்குத்தான் இப்படி.

இதை அனுப்பிய பெனடிக்டா அக்கா வலக்கைக்காரர். அவர் பின்னுவதை வீடியோவில் ஊரே பார்க்கிறது.

படம் இடவலமாகத் திரும்பியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பைக்குப் பின்னால் சுவரில் காலண்டர். அதில் எண்கள் நேராகவே இருந்தன.

அப்படியானால் பின்னியது அக்கா இல்லை.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்ததே அக்காதான். வருகிற பேட்டர்ன்களில் பாதிக்கு மேல் அக்கா அனுப்புவது. இந்தப் பை, அக்காவின் பெயரில், ஒரு வெளிநாட்டு இதழின் அட்டையில் வரப்போகிறது. நமக்கேன் வம்பு என்று இருந்துவிடலாம். ஆனால் இது வேறு ஒருத்தியுடையது என்றால்?

அக்காவை வீடியோவில் அழைத்தாள். மூன்றாவது சுற்று பிடிபடவில்லை, ஒருமுறை பின்னிக் காட்டுங்கள் என்று வாய்கூசாமல் பொய் சொன்னாள்.

அக்கா சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். வலக்கையில்தான். முதல் சுற்று. இரண்டாம் சுற்று.

மூன்றாவதில் கை நின்றது.

பிரித்தார். மறுபடி போட்டார். மறுபடி நின்றது.

மாதிரியை வேறொருவர் பின்னித் தருவது வழக்கம்தான். ஆனால் தானே யோசித்து எழுதிய சுற்றில் யாருடைய கையும் நிற்காது.



அக்கா உள்பக்கம் திரும்பி, ஜெனோவா என்று கூப்பிட்டார். ஈரக்கையை நைட்டியில் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். உட்காரவில்லை. அக்கா பின்னியதை முழுக்கப் பிரித்தாள். இடக்கையில் ஊசியைப் பிடித்து முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது சுற்றை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரல்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அக்கா போனை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.

"கொழுந்தன் பொண்டாட்டி. சும்மா ஒத்தாசைக்கு வருவா. இப்ப வெளங்கிச்சா?"

விளங்கியது என்றாள்.

சரிபார்ப்பவர் பேட்டர்னில் ஓர் எழுத்தைக்கூடத் தானாக மாற்றக் கூடாது. சந்தேகம் உள்ள இடத்தில் மஞ்சள் பூசிக் கேள்வி வைக்கலாம். பதில் சொல்ல வேண்டியது வடிவமைத்தவர்.

முதல் பக்கத்துக்குப் போனாள். வடிவமைப்பு என்ற வரியில் அக்காவின் பெயர்.

அதன்மேல் மஞ்சள் பூசினாள். சரிபார்க்கவும் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள்.

இனி அக்காவிடமிருந்து ஒரு பேட்டர்னும் வராது. அது தெரிந்தேதான் அனுப்பினாள்.

அக்காவின் பதில் வர நேரமாகவில்லை. சரியாகத்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் பக்கத்தில் அக்காவின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி. சரிபார்த்தவர் என்று அவளுடைய பெயர்.

அதை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.