கசிவு

காருக்கடியில் மல்லாந்து கிடந்த டெரெக்குக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. எரிவாயுக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டான். எங்கும் ஒரு குமிழி வரவில்லை.

கூலி வாங்கிக்கொண்டு செய்கிறவன்கூட இவ்வளவு சுத்தமாக கேஸ் மாட்டித் தரமாட்டான். குழாய் கோடு போட்ட மாதிரி ஓடியது. பின்னால் டேங்க் இம்மிகூட அசையாமல் உட்கார்ந்திருந்தது.

டெரெக்கின் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அரைகுறையாக நின்றுகொண்டிருந்தது. அடிச்சட்டமும் ஃபைபர் கூடும் தனித்தனியாகப் பெட்டியில் வாங்கி அவனே சேர்த்துக் கட்டியது. இனி எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் ஏதாவது ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் போட வேண்டும். பெட்ரோல் விற்கிற விலையில் கேஸில் ஓடுகிற கார் அகப்பட்டால் யோகம்தான். ஸ்பால்டிங் ஊரைத் தாண்டி, முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே இருந்த இந்த வீட்டில் கேஸ் கார் விற்பனைக்கு என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

காரின் முன்பக்கம் ஒரு ஓரமாக நசுங்கியிருந்தது, கதவெல்லாம் முள் கீறல். கேட்டதற்கு, போன மார்ச்சில் சாலையை விட்டு விலகி வேலிக்குள் இறங்கிவிட்டது என்று மட்டும் சொன்னாள் வீட்டுக்காரி மொரீன். அவனுக்கென்ன, கூட்டை எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறான்.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மொரீன் அவனுக்காகப் போட்ட தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அறுபதை நெருங்கியவள். வந்தவனிடம் பால் போதுமா, பிஸ்கட் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டிருந்தாள்.

"கேஸ் கசியுதுங்க" என்றான் டெரெக். "வண்டிக்குள்ளயே இறங்குது. இதை மாட்டினவன் மண்டையில மசாலாவே இல்ல."

அவள் கோப்பையை நீட்ட மறந்துபோனாள். கசிந்தால் நாற்றம் வருமே என்று மெல்லக் கேட்டாள். மூக்கு இருப்பவனுக்கு வரும் என்றான் அவன் அலட்சியமாக.

"வாசனையே தெரியாத ஆளா இருந்தா?"

விலை பேசுகிற நேரத்தில் இப்படி ஒரு பிடி தானாக வந்து கையில் விழும் என்று டெரெக் எதிர்பார்க்கவில்லை. அதை விட்டுவிட அவன் என்ன முட்டாளா?

"அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. கண்ணு சொக்கும், அவ்வளவுதான். தூங்குற மாதிரியே போயிடுவான்."

எவ்வளவு நாளாகக் கசிகிறது என்று கேட்டாள். மாட்டிய நாளிலிருந்தே என்று அடித்துச் சொன்னான். உறுதியாகத் தெரியுமா என்றாள். பழைய கார்களோடு புழங்கியே தலை நரைத்தது, தன் மூக்குக்குத் தப்பாது என்றான். அவள் கேட்கக் கேட்க அவன் ஆணி அடித்துக்கொண்டே போனான்.

கடைசியில், போனால் போகிறதென்று பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பணமே வேண்டாம், இது தன் கண்ணில் படாமல் போனால் போதும் என்றாள் மொரீன். பேரம் பேச ஆள் இல்லாமல் போனதில் டெரெக்குக்குச் சற்று ஏமாற்றம்கூட. ஆனாலும் மறுப்பதற்கு அவன் ஒன்றும் சாமியார் இல்லை. அவள் மனசு மாறுவதற்குள் வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிப் பட்டையை மாட்டினான்.

அப்போதுதான் அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, "நீல், இங்க வாடா" என்று கூப்பிட்டாள்.

சிவந்த தலைமுடியோடு ஒரு வாலிபன் வந்தான். ட்ரெய்லரில் நின்ற காரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு டெரெக்கைப் பார்த்துச் சிரித்தான்.

"கேஸ் வேலை பாத்தீங்களா? நானே மாட்டினது. அப்பா பொறந்தநாளுக்கு."

மொரீன் மகனைப் பார்க்கவில்லை. டெரெக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உரக் கிடங்குல வேலை பார்த்துப் பார்த்து எங்க வீட்டுக்காரருக்கு மூக்கே செத்துப்போச்சு" என்றாள். "வேலியிலேர்ந்து எடுக்கறப்போ ஸ்டியரிங்ல சாஞ்சு தூங்குற மாதிரிதான் இருந்தாரு. டாக்டர் நெஞ்சுவலியில போயிட்டாருன்னு சொன்னாரு. நாங்களும் நம்பிட்டோம்."

நீலின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னம்மா சொல்ற?"

"என்கிட்ட சொன்னதை அவன்கிட்டயும் சொல்லுங்க" என்றாள் அவள்.

பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பையன் இன்று இரவு தூங்குவான், அவன் அம்மாவும் அவன் முகத்தைப் பார்ப்பாள். டெரெக் மட்டும் இந்த முற்றத்தில் தலைகுனிந்து நின்றுவிட்டு, வெறும் ட்ரெய்லரோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

பையன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். டெரெக் பட்டையை இன்னொரு இழுப்பு இழுத்து இறுக்கினான்.

"ஆமாப்பா, கசிஞ்சுதான் இருக்கு."