மூன்று மைல் தூரத்தில்

“விமானம் உன் பக்கமா இழுக்குதுடி. காலையில அத்தனை பான்கேக் வேணாம்னு சொன்னேன்ல,” என்றாள் டெஸ்ஸா.

நான் சிரிக்கவில்லை. கீழே இல்லினாய் மாநிலத்தின் சோள வயல்கள் முடிவில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

பெண்கள் மட்டும் ஓட்டும் நான்கு நாள் விமானப் பந்தயம் அது. கடைசிக் கட்டத்தில் இருந்தோம்.

முடிவுக்கோடு ஒரு சிறிய விமான நிலையத்தின் ஓடுபாதைக்குக் குறுக்கே இருந்தது. அதன்மேல் முழு வேகத்தில் தாழப் பறந்து போக வேண்டும். மூன்று மைல் தூரத்திலேயே ரேடியோவில் பந்தய எண்ணைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கீழே இருப்பவர்கள் நேரம் குறிக்க மாட்டார்கள். நேரம் இல்லையென்றால் அந்த அணி பந்தயத்தை முடிக்கவில்லை என்றுதான் பொருள்.

போன வருடம் எங்கள் பல்கலைக்கழக அணி முடிக்கவில்லை.

அப்போது கடைசிக் கட்டத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் மேகம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பொழுது சாய்ந்ததும் பந்தயத்தின் கெடு தீர்ந்தது. அந்த வருடம் ஓட்டிய பிரென்னா, விமானச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷம் அந்தக் கோட்டைத் தாண்டாம விடப் போறதில்ல, பாரு,” என்றாள்.

இந்த வருடமும் அதே விமானம்தான். இடது இருக்கையின் தையலில் அவள் துப்பிய விதைத்தோல் இன்னும் சிக்கியிருந்தது. டெஸ்ஸா அதன்மேல்தான் உட்கார்ந்து ஓட்டினாள். சுத்தம் செய்யச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

“ரேடியோ,” என்றாள்.

அது என் வேலை. பொத்தானை அழுத்தினேன்.

“பத்தொன்பது. மூணு மைல்.”

பதில் வரவில்லை.

டெஸ்ஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

எங்கள் எண் முப்பத்திநான்கு.

பத்தொன்பது, போன வருடம் நானும் பிரென்னாவும் பறந்த எண். ஜனவரியில், பனி உறைந்த சாலையில் அவளுடைய கார் வழுக்கியது; அவள் திரும்பி வரவில்லை. இந்த வருடம் அந்த எண்ணைப் பந்தயக்காரர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன்.

“முப்பத்திநாலு. தப்பாச் சொல்லிட்டேன். முப்பத்திநாலு.”

ஓடுபாதை எங்களுக்கு அடியில் விரிந்தது. புல்வெளியில் மடக்கு நாற்காலிகள், தொப்பிகள், அண்ணாந்த முகங்கள். வெள்ளைக் கோடு வந்தது, போனது.

“முப்பத்திநாலு தாண்டியாச்சு, கண்ணு,” என்றது ரேடியோவில் ஒரு வயதான பெண்குரல்.

அதே குரல் மறுபடி வந்தது.

“பத்தொன்பதும் தாண்டியாச்சு.”