சிவப்புக் குமிழின் வைத்தியம்

அந்த அக்குபிரஷர் பாயில் எத்தனையோ ரப்பர் குமிழ்கள் இருந்தாலும், இடது பாதத்துக்குக் கீழே இருந்த சிவப்புக் குமிழுக்குத்தான் தலைக்கனம் அதிகம். அந்த இடத்தை அழுத்தினால் இதயம் தேறும் என்று பாயோடு வந்த படத்தில் போட்டிருந்ததே, சும்மாவா?

வேதவல்லிக்கு அந்தப் பாயை வாங்கி அனுப்பியவள் வெளியூரில் இருக்கும் மகள் சுகந்தி. சாயங்காலமானால் அவளிடமிருந்து போன் வரும். அடுப்பில் பால் இருந்தாலும் அணைத்துவிட்டு, வேதவல்லி ஓடிவந்து பாயில் ஏறுவாள்.

"பாயில நிக்கிறியாம்மா?"

"நின்னுக்கிட்டுதான்டி இருக்கேன்!" என்று சிரிப்பாள். அப்போது அவள் இதயம் துள்ளுவது உள்ளங்கால் வரைக்கும் வந்து சேரும்.

"பார்த்தாயா, எல்லாம் என் வைத்தியம்!" என்று சிவப்புக் குமிழ் பீற்றிக்கொள்ளும். வலது பாதத்தில் கல்லீரலைக் கவனிக்கும் பச்சைக் குமிழ் தன் வேலையைப் பார்க்கும்.

பிறகு சுகந்திக்கு வேலை மாறியது. போன் குறைந்தது, அப்புறம் நின்றே போனது. வேதவல்லி மட்டும் சாயங்காலம் தவறாமல், கையில் போனோடு வந்து நின்றாள். முன்பைவிட அதிக நேரம் நின்றாள். சிவப்புக் குமிழும் முட்டி முட்டி அழுத்திப் பார்த்தது. அந்தத் துள்ளல் மட்டும் வரவே இல்லை.

"நான் சரியான இடத்தில்தானே அழுத்துகிறேன்?" என்று அது முதல்முறையாகப் பச்சைக் குமிழிடம் கேட்டது.

"இடமெல்லாம் சரிதான் அண்ணே," என்றது பச்சைக் குமிழ், மெதுவாக.

மேலே, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நின்னுக்கிட்டுதான்டி இருக்கேன்" என்றாள் வேதவல்லி.