ஆழ்வாப்பிள்ளையின் நாரி

வீட்டுப் படலையைத் திறந்ததும் ஆழ்வாப்பிள்ளை நொண்டத் தொடங்கினார்.

வல்வெட்டித்துறைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுவதும் நேராகத்தான் நடந்து வந்தார். படலைக்கு உள்ளே மனைவி கனகாம்பிகையின் கண் இருக்கிறது. ஆகையால் கையை இடுப்புக்குப் பின்னால் நாரியில் ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து வைத்தார்.

நோ என்னவோ உண்மையாக வந்த நோதான். பருத்தித்துறைக் கந்தோரில் பதினெட்டு வருடம் ஒரே கதிரையில் இருந்து எழுதியதற்குக் கிடைத்த சன்மானம். நாரியில் தொடங்கிக் குதிக்கால் வரை நெருப்பாக இழுத்தது. தகப்பனார் ரங்கூன் வரை பாய்க்கப்பலில் போய்க் கயிறு இழுத்தவர். எழுபது வயதிலும் நிமிர்ந்து நின்றார். மகனை ஒரு கதிரை மடக்கிப்போட்டது.

மூன்று மாதம் பலகையில் கிடந்தார். பிறகு நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரின் எண்ணெய். தொடர்ந்து கதிரையில் இருக்கவேண்டாம் என்று அவர் சொன்னதால், கந்தோர் அலுமாரியின் மேல் பதிவேட்டை வைத்து நின்றுகொண்டே எழுதினார். இது என்ன சத்தியாக்கிரகமா என்று பெரிய கிளாக்கர் கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும், சித்திரையிலேயே நோ மாறிவிட்டது.

அங்கேதான் சிக்கல்.

பலகையில் கிடந்த நாட்களில் ஒரு மாலை, கனகாம்பிகை சுவாமிப் படத்தின் முன் நின்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. இந்த நோ மாறினால் வருகிற நல்லூர்த் திருவிழாவில் நேர்த்திக்கடன் செலுத்துவதாகச் சொன்னாள்.

ஆம்பிளையின் நோவுக்கு நேர்த்தி என்றால் வேறென்ன? வெறும் மேலோடு, சுடுமணலில், கோயிலைச் சுற்றி உருளும் பிரதட்டைதான். அந்த நாரியோடு ஒரு சுற்று உருண்டால் மறுபடியும் பலகை. லீவு எல்லாம் முடிந்துவிட்டது. இனி ஒரு நாள் படுத்தாலும் வீட்டோடேயே படுத்திருக்கலாம் என்று பெரிய கிளாக்கர் சொல்லிவைத்திருந்தார். ஆழ்வாப்பிள்ளைக்குப் பயம். மெய்யாகவே பயம்.

நோ மாறினால்தானே நேர்த்தி? ஆகவே நோ மாறவில்லை.

நான்கு மாதமாக அவள் மாலைதோறும் எண்ணெய் தேய்த்தாள். அவர் முனகினார். முருகனை ஏமாற்றுவது அவருக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. அந்த எண்ணெய்க் கைதான் உறுத்தியது.

இன்னும் இரண்டே நாள். நாளை தேர், மறுநாள் தீர்த்தம். அதோடு இந்த வருடம் தப்பியாயிற்று. இன்று கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினார்.

வாசலில் அவள் இல்லை.

உள்ளே பாயில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. சேலைக் கரையெல்லாம் மணல். பக்கத்தில் அவருடைய எண்ணெய்ப் போத்தல்.

உருளுகிறவர்களின் பின்னால் போய், அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு எழும்புவது பெண்களின் நேர்த்தி. அடியழித்தல் என்பார்கள். காலையிலேயே நல்லூருக்குப் போய் அதை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"நேர்த்தி நான் வைச்சது. உங்களை ஆர் உருளச் சொன்னது?" என்றாள். "பஸ்ஸுக்குப் பின்னாலை நீங்கள் ஓடினதை ஆனி மாசமே கண்டனான்."

பிறகும் ஏன் எண்ணெய் தேய்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. கை இன்னும் நாரியிலேயே இருந்தது. எடுத்தார்.

தேத்தண்ணி போடுவதற்காக அவள் எழும்பப் பார்த்தாள். பாதியில் கை நாரிக்குப் போனது. முகம் கோணியது. வலது காலை ஊன்ற முடியாமல் மறுபடியும் பாயில் இருந்துவிட்டாள்.

ஆழ்வாப்பிள்ளைக்கு இரண்டு வகையும் தெரியும். இது நடிப்பில்லை. நாரியில் தொடங்கிக் குதிக்கால் வரை.

அவளை அசையவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்கு ஓடினார். வழியில் சுவாமிப் படம் இருந்தது. நின்றார். கை தானாகக் கும்பிட்டது. இவளுக்கு இந்த நோ மாறவேண்டும் முருகா என்று வாய்விட்டே சொன்னார்.

மாறினால், என்று தொடங்கினார்.

பாயில் இருந்தபடி கனகாம்பிகை கேட்டுக்கொண்டிருந்தாள்.